நான் சொன்ன மூன்று கரிநாட்கள்

பத்து வயதில் நான் சொன்ன ஒரு பொய்யால் என் சித்திக்குக் கிடைக்கவிருந்த வேலை போனது. அந்தப் பொய் வெளியே வந்தபோது பழி அவள்மேல் விழுந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

செகந்திராபாத்தில் அந்த லேப் குவார்ட்டர்ஸில் என்னோடு கோலி விளையாடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாமெல்லாம் எழுபதைத் தாண்டிவிட்டோம். நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஓர் ஆங்கிலச் சொல் வருகிறது. போன மாதம் ஒரு நாள் வந்த சொல் ‘டிஸ்மல்’. இருண்ட, சோர்ந்த, மனத்தை அமுக்குகிற என்று அர்த்தம் போட்டு, கீழே அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்றும் இரண்டு வரி. எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தினீர்கள். நானும் உயர்த்தினேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நாற்பது வருடம் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். பாடத்தில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் அதன் பிறப்பைக் கதையாகச் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். மீதிக் கதையை ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது அப்பாவின் வாயிலிருந்து. அப்பா லேபில் விஞ்ஞானி. கோபமோ அலுப்போ வந்தால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். ஒரு நாள் காலையில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: “அந்த டிஸ்மல் முகத்தைப் பார்த்துட்டுக் கிளம்பினா ஆபீஸ்ல ஒரு வேலையும் உருப்பட மாட்டேங்குது.”

அவர் சொன்னது சித்தியை. சித்தப்பாவின் மனைவி. சித்தப்பா ராணுவத்தில் கிளார்க். குடும்பத்தை அழைத்துப் போக முடியாத ஓர் எல்லை முகாமில் இருந்தார். சித்தியின் அப்பா அம்மா இருவருமே தவறிவிட்டார்கள். அதனால் எங்கள் இரண்டு அறை வீட்டில், அரிசி டின்களுக்குப் பக்கத்தில் அவளுடைய டிரங்குப் பெட்டியும் இருந்தது.

சித்தி செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்திலேயே வந்துவிட்ட குடும்பம். மெட்ரிக் பாஸ். தெலுங்கும் ஆங்கிலமும் சரளமாகப் படிப்பாள், எழுதுவாள். தமிழ் பேசுவாள், அதிலும் நாலு வார்த்தைக்கு ஒரு உருது விழும்: வேண்டாம் என்றால் ‘நக்கோ’, ஆமாம் என்றால் ‘ஹவ்’. தமிழ் எழுத்து மட்டும் தெரியாது.

எனக்குத் தெரியும். அம்மா அடுப்படியில் வைத்து, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைக் கொண்டு எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்தக் காலண்டரை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். திருச்சியில் மாமாவின் கடையிலிருந்து செய்தித்தாளில் சுருட்டித் தபாலில் வரும். பொங்கலுக்கு அப்புறம்தான் வந்து சேரும். நம் வரிசையிலேயே தமிழ்க் காலண்டர் இருந்த ஒரே வீடு எங்களுடையது. உங்கள் அம்மாக்கள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்கள்: “டேய், நாளைக்கு எப்படி இருக்குன்னு பாருடா.” நான் நாற்காலிமேல் ஏறித் தாளைத் தூக்கிப் படித்துச் சொல்வேன். அஷ்டமி, நவமி, கரிநாள். பெரியவர்கள் அப்படியே கேட்டுக்கொள்வார்கள். பத்து வயதுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று இப்போது புரிகிறது.

அப்பாவிடம் ஒரு தடித்த ஆங்கில அகராதி இருந்தது. பக்க ஓரத்தில் கட்டைவிரல் வைக்க அரைவட்டமாக வெட்டியிருக்கும். அந்தக் குழிகளில் கறுப்பாக அழுக்குப் படிந்திருக்கும். கற்பூர வாசனை வரும். அது எந்த வீட்டு மாற்றத்தில் தொலைந்தது என்று தெரியவில்லை. அப்பா அப்படிச் சொன்ன அன்று பள்ளிவிட்டு வந்து ‘டிஸ்மல்’ என்ற சொல்லைத் தேடினேன். லத்தீனில் ‘தியேஸ் மாலி’, கெட்ட நாட்கள் என்று போட்டிருந்தது. பழைய ஐரோப்பியக் காலண்டர்களில் மாதத்துக்கு இரண்டு நாள் கெட்ட நாள் என்று குறித்து வைத்திருப்பார்களாம். அந்த நாட்களில் புது வேலை தொடங்கக் கூடாது, பயணம் கிளம்பக் கூடாது. எகிப்திய நாட்கள் என்றும் ஒரு பெயர். முதலில் அது நாளின் பெயராகத்தான் இருந்தது. பின்னால்தான் வானத்துக்கும் அறைக்கும் மனிதர் முகத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரனுக்கும் கரிநாள் இருந்திருக்கிறது! அடுப்படிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா, “பின்னே, அவனுக்கு மட்டும் எல்லா நாளும் நல்ல நாளா?” என்றாள். சித்தி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். துணியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனாள். நான் யார் முன்னால் எதைச் சொன்னேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த வருடம் ஆடி மாதம்தான் சித்திக்குக் குழந்தை இறந்து பிறந்திருந்தது.

அவளுக்கு அப்போது ஏழு மாதம். வேறு முகாமுக்கு மாறிப் போகும் வழியில் மெட்ராஸில் நாலு நாள் தங்குகிறேன் என்று சித்தப்பாவின் கடிதம் வந்தது. ஆடியில் கிளம்பாதே என்று அம்மா தடுத்தாள். சித்தி கேட்கவில்லை. ஆடிப்பெருக்குக்குச் செய்த சித்ரான்னத்தை டப்பாவில் கட்டிக்கொண்டு மறுநாள் சாயங்கால ரயிலில் போனாள். விடிந்து மெட்ராஸ் போய்ச் சேர்ந்ததும் வலி எடுத்தது. அன்று இருட்டுவதற்குள் எங்களுக்குத் தந்தி வந்துவிட்டது. அப்பா அதைப் படிக்கும்போது அம்மா சுவரைப் பார்த்தாள். அன்றைய தாளில் கரிநாள் என்று சிவப்பில் இருந்தது. “கரிநாள்ல கிளம்பிப் போனா வேற என்ன ஆகும்” என்றாள். அதுவே எங்கள் வீட்டின் தீர்ப்பாகிவிட்டது. சித்தி திரும்பி வந்தபோது அந்தத் தீர்ப்பு அவளுக்காகக் காத்திருந்தது.

வந்த வாரத்தில் அம்மா தினமும் மல்லிகைப்பூ வாங்கினாள். அதைச் சித்தியின் தலையில் வைக்கவில்லை. அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் வாடி, பழுப்பேறி, புளித்த பால் வாசனையோடு அந்தச் சரம் குப்பையில் கிடக்கும். பால் வற்றுவதற்கு மார்பில் பூ வைத்துக் கட்டுவார்கள் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது. இன்றும் மல்லிகை வாடுகிற வாசனை எனக்கு ஆகாது.

அதற்குப் பிறகுதான் அவள் முகம் அப்படி ஆனது. ஜன்னல் பக்கம் நின்றால் நின்றுகொண்டே இருப்பாள். அடுப்பில் பால் பொங்கி வழியும். பெரியவர்கள் இதைச் சுபாவம் என்றார்கள். அழுத்தக்காரி, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் இதே பெண் விசிலடித்துக்கொண்டு துணி உலர்த்தியது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

தை மாதம் அம்மா தன் தங்கையின் பிரசவத்துக்காகத் திருச்சி போனாள். வீட்டில் நான், அப்பா, சித்தி. அந்தச் சமயத்தில்தான் சித்தி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலைக்கு எழுதிப்போட்டாள். பரீட்சை எழுதினாள், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு என்னை வைத்துத்தான் பழகினாள். காலி பவுடர் டப்பா இரண்டு, நடுவே தையல் நூல். நான் பள்ளிவிட்டு மூன்று மணிக்கு வந்ததும் ஒரு டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

“நம்பர் ப்ளீஸ்.”

“எனக்கு டில்லி வேணும்.”

“டில்லியில யாரு சார் வேணும்?”

“பிரதம மந்திரி.”

“அவர் குளிக்கிறார் சார். ஹோல்ட் பண்றீங்களா, சோப்பு போட்டதும் கூப்பிடவா?”

டப்பாவின் அடியில் அவள் சிரிப்பது கிணுகிணு என்று அதிரும். அந்த வீட்டில் அவள் சிரித்தது மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் மட்டும்தான். அது எனக்கே எனக்கு என்று நினைத்திருந்தேன்.

மாசி பிறந்து ஒரு வாரம். செவ்வாய்க்கிழமை ஆர்டர் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சேரவேண்டும். அதே தபாலில் அம்மாவின் கடிதமும் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். ‘வேலை கிடைத்தால் நாள் பார்த்துச் சேரச் சொல். காலண்டரைப் பார்க்காமல் எதுவும் வேண்டாம். போன தடவை பட்டது போதும்.’

சித்தி நாற்காலியை இழுத்துக் காலண்டருக்குக் கீழே போட்டாள். “ஏறுடா ராஜா. புதன், வியாழன், வெள்ளி. மூணு நாள் இருக்கு. எது நல்ல நாள்னு சொல்லு.”

ஏறினேன். அவளுக்கு வேலை கிடைத்தால் மூன்று மணிக்கு வீடு பூட்டியிருக்கும். சாவியைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிடப் போவதாக அப்பா சொல்லியிருந்தார். நிஜ டெலிபோன் வந்துவிட்டால் பவுடர் டப்பாவை யார் எடுப்பார்கள்? எனக்கு இருந்த காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிதாக ஒரு காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

தாளைத் தூக்கினேன். நாள் நன்றாகத்தான் இருந்தது. “புதன் கரிநாள்” என்றேன்.

“வியாழன்?”

“கரிநாள்.”

“வெள்ளியுமா?”

“மாசியில மூணு நாள் சேர்ந்து வரும் சித்தி. அம்மாகிட்ட வேணா கேளுங்க.”

அது முழுப் பொய்யும் இல்லை. மாசியில் பதினைந்து, பதினாறு, பதினேழு மூன்றும் கரிநாள்தான். வருடா வருடம் அதே தேதிகள். நான் அவற்றை ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டேன். பொய்யை நம்பும்படி செய்ய அதற்குள் கொஞ்சம் உண்மையைப் போடவேண்டும் என்பதை யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டிருந்தேன்.

சித்தி தாளை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு அதில் தெரிந்தது ஆங்கிலத் தேதி மட்டும். கைக்கு அப்பா, கைக்கு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஏன் இப்படி என்று உருதுவில் சலித்துக்கொள்வது அது.

அப்பா வந்ததும் கேட்டாள். “சனிக்கிழமை போய்ச் சேரலாமா அத்தான்?”

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “சர்க்கார் உத்தியோகம்மா. ஒரு நாள் முன்னே பின்னே போனா தலையா போயிடும்?”

சனிக்கிழமை காலையில் நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போனாள். பத்தரை மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டாள். பட்டியலில் அடுத்து இருந்த பெண்ணை முந்தின நாள் சாயங்காலமே கூப்பிட்டுவிட்டார்களாம். புடவையை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். மூன்று மணிக்கு நான் டப்பாவை எடுத்து நீட்டினேன். “நக்கோடா” என்றாள். அதற்கப்புறம் நாங்கள் அதை விளையாடவே இல்லை. நான் எதைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னேனோ, அது அன்றே போய்விட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா ஊரிலிருந்து வந்தாள். மூட்டையைப் பிரித்துக்கொண்டே, “நாளையிலேருந்து மூணு நாள் கரிநாள். வடாம் பிழியறது அப்புறம்தான்” என்றாள்.

சித்தி கேட்டாள்: “இந்த மாசம் இன்னும் மூணா அக்கா?”

“இன்னுமா? மாசியில இந்த மூணுதான். ஏன், போன வாரம் யாரு சொன்னா கரிநாள்னு?”

நான் கதவோரம் நின்றிருந்தேன். சித்தி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு குனிந்து புளி கொட்டை எடுக்க ஆரம்பித்தாள்.

“நானே சொல்லிக்கிட்டேன் அக்கா” என்றாள்.

அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை, அதற்கு ஒரு சாக்கு. சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். அப்பா அந்த ஆங்கிலச் சொல்லையே மறுபடி சொன்னார். அதற்கப்புறம் பல வருடம், எதற்காவது சித்தி தயங்கினால், “அவ ஒரு கரிநாள் கண்டுபிடிச்சு வச்சிருப்பா” என்பது எங்கள் வீட்டு வேடிக்கைப் பேச்சு. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

சித்தப்பா ஓய்வு பெற்று வந்து சைனிக்புரியில் வீடு கட்டினார். குழந்தை பிறகு பிறக்கவே இல்லை. அவர் போய்ப் பல வருடமாகிறது. சித்திக்கு இப்போது எண்பத்தாறு. ஒரு தெலுங்கு அம்மாள் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள்.

அந்த வாட்ஸ்அப் சொல் வந்த வாரம் நான் சைனிக்புரிக்குப் போனேன். முன்கூட்டியே இரண்டு விஷயம் தயார் செய்துகொண்டு போனேன். ஒன்று, மன்னிப்பு. இரண்டாவது, அவளுக்கு ஒரு பரிசு என்று நினைத்திருந்தேன்.

வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காது நன்றாகக் கேட்கிறது. நான் நடந்ததை ஒழுங்காகச் சொல்லி முடித்தேன்.

“தெரியும்டா” என்றாள்.

“ஏன் சித்தி யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா உங்கப்பா பெல்ட்டை எடுப்பார். அப்புறம் நீயும் என்கூடப் பேச மாட்டே. அந்த வீட்டுல எனக்குன்னு வேற யாரு இருந்தா?” பிறகு, “உங்கப்பா என்னை டிஸ்மல்னு சொல்வார். நானும் மெட்ரிக் பாஸ்னு அவருக்கு மறந்து போகும்” என்று சிரித்தாள்.

“அது முகத்துக்கு வச்ச பேரு இல்ல சித்தி. நாளுக்கு வச்ச பேரு.”

“அதான் அன்னிக்கே அடுப்படியில வந்து கத்தினியே.”

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. அந்தப் பரிசை எடுத்தேன். கரிநாட்கள் தமிழ்த் தேதிப்படி மாறாதவை. ஆடியில் இரண்டு, பத்து, இருபது. ஆடிப்பெருக்கு பதினெட்டு. அவள் கிளம்பியது மறுநாள், பத்தொன்பது. கரிநாள் இல்லை. அம்மா பார்த்தது தந்தி வந்த நாளின் தாளை. “நீங்க நல்ல நாள்லதான் கிளம்பினீங்க சித்தி. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. அறுபது வருஷம் வீணாப் பழி சுமந்துட்டீங்க.”

அவள் முகம் தெளியும் என்று காத்திருந்தேன். அது தெளியவில்லை. மடியில் கிடந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நாள் சரியா இருந்துதா?”

“சரியா இருந்தது.”

“அப்ப ஏன்டா போச்சு?”

நான் கீழே உதிர்ந்திருந்த வேப்பிலைகளைப் பார்த்தேன்.

“இத்தனை வருஷமா அந்த நாள் மேல போட்டு வச்சிருந்தேன். புள்ளை மேல போட முடியாது, உன் சித்தப்பா மேல போட முடியாது. இனிமே எங்க கொண்டு போடறது?” கோபமே இல்லாமல்தான் கேட்டாள். பிறகு அந்த அம்மாளைக் கூப்பிட்டு, தன்னை உள்ளே கூட்டிப்போகச் சொன்னாள்.

பேகம்பேட்டில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். முதல் தடவை பொய் சொல்லி அவளிடமிருந்து எடுத்தேன். இந்தத் தடவை உண்மையைச் சொல்லி எடுத்திருக்கிறேன். என் மனச்சுமை இறங்கவேண்டும் என்பதைத் தவிர அந்தக் கணக்கை அவளிடம் சொல்ல வேறென்ன அவசியம் இருந்தது?

பத்து நாள் அவளிடமிருந்து பேச்சில்லை. நான் கூப்பிட்டால், தூங்குகிறார்கள் என்று அந்த அம்மாள் சொன்னாள். பதினோராம் நாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள். மணி மூன்று இருக்கும்.

“டேய், ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க சித்தி.”

“நாள் பார்க்கிறோமே, அது கிளம்பற நாளுக்கா, போய்ச் சேர்ற நாளுக்கா?”

கிளம்புகிற நாளைத்தான் பார்ப்பார்கள். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சித்திக்கும் தெரியாமல் இருக்காது. பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் ரயில் ஏறினாள். இருபதாம் தேதி, கரிநாளன்று, காலையில் இறங்கினாள்.

“போய்ச் சேர்ற நாளுக்குத்தான் சித்தி” என்றேன்.

“நல்லாத் தெரியுமா?”

“தெரியும். பஞ்சாங்கத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு.”



“ஹவ்” என்றாள். “அப்ப சரி.”

அவள் நம்பினாளா, அல்லது மாசி மாதத்தில் போலவே எனக்காக விட்டுக்கொடுத்தாளா என்று தெரியவில்லை. போனை வைப்பதற்கு முன்னால் கேட்டாள்: “ஞாயித்துக்கிழமை வரியா? நாள் எப்படி இருக்குன்னு பாரு.”

காலண்டர் எதிர்ச் சுவரில்தான் தொங்கியது. நான் எழுந்திருக்கவில்லை.

“நல்ல நாள் சித்தி” என்றேன். “வரேன்.”